குளம் அழகு... கரை யார் பொறுப்பு?

1977-ம் ஆண்டு, நவம்பர் 6-ம் தேதி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டோக்கோவா என்ற சிறு நகரம். அதன் ஓரத்தில் ஓர் ஓடை. ஓடைக் கரையில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் கட்டடங்கள். மாணவர் விடுதி, ஆசிரியர் வீடுகள், குடும்பத்தோடு படிக்க வந்தவர்கள் தங்கியிருந்த டிரெய்லர் வீடுகள். நேரம் அதிகாலை 1.30. வளாகமே தூக்கத்தில் இருந்தது.

கல்லூரிக்குப் பின்னால் 186 அடி உயரத்திலிருந்து விழும் ஓர் அருவி உண்டு. உயரத்தில் நயாகராவையே மிஞ்சும் அருவி. அதற்கும் மேலே, காட்டுக்கு நடுவே, கல்லூரிக்குச் சொந்தமான ஒரு சிறிய ஏரி. பெயர் கெல்லி பார்ன்ஸ். அந்த ஏரியின் மண் கரை, அந்த அதிகாலையில் உடைந்தது.

சுமார் 77 கோடி லிட்டர் தண்ணீர் அருவி வழியாகக் குதித்து, நேராக வளாகத்துக்குள் பாய்ந்தது. உச்சகட்டத்தில் வினாடிக்கு 24,000 கன அடி நீர் வந்திருக்கும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். டிரெய்லர் வீடுகள் தீப்பெட்டிகள் போல அடித்துச் செல்லப்பட்டன. 39 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பலர் குழந்தைகள்.

இத்தனைக்கும் அது பெரிய அணை ஒன்றும் இல்லை. உயரம் சுமார் 40 அடி, நீளம் சுமார் 400 அடி. தேக்கி வைத்த நீர் ஏறத்தாழ 40 ஏக்கர் பரப்பில் நின்றது. மீன் பிடிக்கவும், கரையில் உட்கார்ந்து பொழுதைக் கழிக்கவும் ஏற்ற இடம். இப்படி ஓர் ஏரி 39 உயிர்களைக் குடிக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை, அன்று பெய்த மழையில் மட்டும் இல்லை. அதற்கு 20 ஆண்டுகள் முன்னால் நடந்த ஒரு சின்ன மாற்றத்தில் இருக்கிறது.

வேலை போன அணை

கெல்லி பார்ன்ஸ் அணை முதலில் பொழுதுபோக்குக்காகக் கட்டப்பட்டது கிடையாது. 1899 வாக்கில் அங்கே மரச்சட்டமும் பாறைகளும் கொண்டு ஒரு தடுப்பு எழுப்பினார்கள். நோக்கம், சிறிய அளவில் மின்சாரம் தயாரிப்பது. பிறகு அந்த இடம் கல்லூரியின் கைக்கு வந்தது. 1937-ல் பழைய தடுப்பின் மீதே மண்ணைக் கொட்டிக் கரை கட்ட ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அதன் மேல் இன்னும் மண் போட்டு உயர்த்தினார்கள். முறையான பொறியியல் வரைபடம் என்று எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

1957-ல் மின் உற்பத்தி நின்றது. அதன் பிறகு அது வெறும் பொழுதுபோக்கு ஏரி.

இந்த மாற்றம் சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால், ஓர் அணைக்கு வேலை இருக்கும்வரை அதைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள். மின்சாரம் வேண்டும் என்றால் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நீர்மட்டம் எவ்வளவு என்று குறித்தாக வேண்டும். கரையில் கசிவு தெரிந்தால், 'ஐயோ, உற்பத்தி போச்சே' என்ற பயத்திலாவது யாரோ ஓடி வருவார்கள். மின்சாரம் நின்ற நாளில் இந்தக் காரணங்களும் நின்றுபோகின்றன. ஏரி மட்டும் அதே அளவு தண்ணீரோடு, அதே கனத்தோடு அங்கேயே நிற்கிறது. பார்ப்பவர்கள் தண்ணீரைப் பார்க்கிறார்கள். கரையைப் பார்ப்பவர்கள் குறைந்துவிடுகிறார்கள்.

1973-ல் எடுத்த ஒரு புகைப்படத்தில், அந்தக் கரையின் வெளிப்பக்கச் சரிவில் மண் சரிந்து கிடந்தது தெரிகிறது. உயரம் சுமார் 12 அடி, அகலம் சுமார் 30 அடி. விபத்துக்கு 4 ஆண்டுகள் முன்பே கரை சொல்லிவிட்டது. காது கொடுக்கத்தான் ஆள் இல்லை.

1977 நவம்பர் 2 முதல் 5 வரை அந்தப் பகுதியில் சுமார் 7 அங்குல மழை பெய்தது. அதில் பாதி, கடைசி நாள் மாலை முதல் நள்ளிரவுக்குள் கொட்டித் தீர்த்தது. ஏரியில் வழக்கமாக 50 கோடி லிட்டர் அளவுக்கு இருக்கும் நீர், 77 கோடி லிட்டருக்கு ஏறியது. விசாரணை நடத்திய நிபுணர் குழுவால், 'இதுதான் காரணம்' என்று ஒன்றை மட்டும் கைகாட்ட முடியவில்லை. செங்குத்தான சரிவு, நீர் ஊறிப்போன மண், பழைய சரிவின் பலவீனம், கரைக்குள் புதைந்திருந்த பழைய குழாய் எனப் பல சந்தேகங்கள் எழுந்தன. வெளிப்பக்கச் சரிவு கொஞ்சம் இடிந்து, கரை மெலிந்து, அதன் வழியே நீர் அறுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்பது அவர்களின் கணிப்பு.

மண் கரை எப்படி உடைகிறது?

மண்ணால் கட்டிய கரை மோசமானது என்று நினைத்துவிட வேண்டாம். உலகத்தில் உள்ள அணைகளில் மிகப் பெரும்பாலானவை மண் அணைகள்தாம். ஒழுங்காகக் கட்டி, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் தலைமுறை தலைமுறையாக நிற்கும். ஆனால் அது கேட்பது ஒன்றே ஒன்று. தொடர்ச்சியான கவனிப்பு.

மண் கரை உடைய முக்கியமாக மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, நீர் கரைக்கு மேலேறி வழிவது. கான்கிரீட் அணை என்றால் மேலே நீர் வழிந்தாலும் கொஞ்ச நேரம் தாங்கும். மண் கரை தாங்காது. வழியும் நீர் வெளிப்பக்கச் சரிவை அடியிலிருந்து அரித்து, மெல்ல மெல்ல மேலே ஏறி, கரையின் உச்சியையே தின்றுவிடும். இதைத் தடுக்கத்தான் உபரி நீர் வெளியேற கலிங்கு வைக்கிறார்கள். கலிங்கு போதிய அகலத்தில் இருக்க வேண்டும். அடைப்பில்லாமல் இருக்க வேண்டும். கரையின் உச்சி எங்கேயும் அமுங்கி இருக்கக் கூடாது. நடுவில் கொஞ்சம் அமுங்கி இருந்தால், முழு ஏரியும் அந்த ஒரு பள்ளத்தைத் தேடித்தான் வரும்.

இரண்டாவது வழி, உள்ளுக்குள் அரிப்பு. எல்லா மண் கரையிலும் கொஞ்சம் கசிவு இருக்கும். தெளிந்த நீராக ஒரே அளவில் கசிந்தால், கவனித்துக்கொண்டு இருந்தால் போதும். கசியும் நீர் கலங்கலாக வந்தால் கதையே வேறு. அந்தக் கலங்கல், கரையின் மண். உள்ளே ஒரு பொந்து உருவாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பொந்து பெரிதாகும், பெரிதானால் நீர் அதிகம் போகும், நீர் அதிகம் போனால் பொந்து இன்னும் பெரிதாகும். வெளியே ஒன்றும் தெரியாமல் இருந்து, ஒருநாள் மொத்தமாக வாய் திறக்கும். பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டையானால் அதை ஒட்டியும் இப்படி நடக்கும். பட்டுப்போன மரத்தின் வேர் மக்கி விட்டுச்செல்லும் துவாரமும், விலங்குகள் தோண்டும் வளையும்கூட தண்ணீருக்கு வழிகாட்டிவிடும்.

மூன்றாவது வழி, சரிவு இடிந்து விழுவது. கரை செங்குத்தாக இருந்து, அதற்குள் நீர் ஊறிவிட்டால் மண்ணுக்கு மண் பிடிப்பு போய்விடும். கெல்லி பார்ன்ஸில் நிபுணர்கள் அதிகம் சந்தேகப்பட்டது இதைத்தான்.

மூன்றுமே ஒரே இரவில் வருபவை போலத் தெரியும். உண்மையில் மூன்றுக்கும் முன்னறிவிப்பு உண்டு. அதைப் பார்க்க வாரத்துக்கு ஒருமுறை கரையில் நடக்கும் ஒருவர் வேண்டும்.

கோடீஸ்வரர்களின் மீன் ஏரி

கெல்லி பார்ன்ஸுக்கு 88 ஆண்டுகள் முன்பே, இதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்திருக்கிறது.

பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் ஃபோர்க் என்ற இடத்தில், படகுக் கால்வாய்க்குத் தண்ணீர் தருவதற்காக மாநில அரசு ஒரு மண் அணை கட்டியது. உயரம் 72 அடி. 1853-ல் வேலை முடிந்தது. அதற்குள் ரயில் வந்துவிட்டது. கால்வாய்க்கு வேலை இல்லாமல் போனது, அணைக்கும்தான். ரயில்வே நிறுவனம் ஒன்று வாங்கியது. பிறகு தனி ஆள் ஒருவர் வாங்கினார். அவர், கரைக்கு அடியில் இருந்த வார்ப்பிரும்புக் குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார். ஏரியின் நீர்மட்டத்தைத் தேவைப்படும்போது குறைக்க இருந்த ஒரே வழி அந்தக் குழாய்கள்தாம்.

1879-ல் அந்த இடம் பிட்ஸ்பர்க் நகரப் பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டை கிளப்பின் கைக்குப் போனது. ஆண்ட்ரூ கார்னெகி, ஹென்றி கிளே ஃப்ரிக், ஆண்ட்ரூ மெலன் போன்ற பெரும் புள்ளிகள் எல்லாம் அதில் உறுப்பினர்கள். உடைந்து கிடந்த கரையை அடைத்து, ஏரியை மறுபடி நிரப்பினார்கள். பிடுங்கிய குழாய்களைத் திரும்பப் போடவில்லை. கரை மேல் குதிரை வண்டிகள் தாராளமாகப் போவதற்காக உச்சியைக் கொஞ்சம் தாழ்த்தினார்கள். விலை கொடுத்து வாங்கி விட்ட மீன்கள் தப்பிவிடக் கூடாது என்று கலிங்கில் வலைத்தடுப்பு போட்டார்கள்.

ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம்தான். ஒரு விருந்தினர் மாளிகைக்காரர் செய்யக்கூடிய சாதாரண மாற்றங்கள். ஆனால் குழாய் இல்லாததால் நீரைக் குறைக்க முடியாது, உச்சி தாழ்ந்ததால் நீர் ஏற இடம் இல்லை, வலையில் குப்பை சேர்ந்தால் கலிங்கும் ஓடாது. மூன்றும் ஒன்றுசேர ஒரு பெருமழை போதும்.

கீழே 14 மைல் தொலைவில் ஜான்ஸ்டவுன் நகரம். அங்கிருந்த இரும்பு ஆலையின் தலைவர் டேனியல் மோரல், 1880-லேயே தன் பொறியாளரை அனுப்பி அணையைப் பார்க்கச் சொன்னார். குறைகளை எழுதி கிளப்புக்குக் கொடுத்தார்கள். உங்களுக்கு ஓர் ஆபத்தும் இல்லை என்ற பொருளில் பதில் வந்தது.

1889 மே 31-ம் தேதி அந்தப் பெருமழை வந்தது. காலையிலிருந்து கிளப்பின் ஆட்கள் கரையின் உச்சியில் மண்ணைப் போட்டு உயர்த்தப் பார்த்தார்கள். பக்கத்தில் இன்னொரு வாய்க்கால் வெட்டப் பார்த்தார்கள். வலையில் சேர்ந்த குப்பையை அகற்ற முயன்றார்கள். இளம் பொறியாளர் ஒருவர் குதிரையில் கீழே போய் எச்சரித்தார். தந்தி மூலம் எச்சரிக்கை போனது. ஆனால், 'அணை உடையப்போகிறது' என்ற பேச்சு மழைக்கு மழை வந்து வந்து பழகிப்போனதால், நகரத்தில் பெரும்பாலானோர் அதைப் பொருட்படுத்தவில்லை. பிற்பகலில் கரை போனது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வெள்ளம் ஜான்ஸ்டவுனை அடைந்தது. 2,209 பேர் இறந்தார்கள். 99 குடும்பங்கள் முழுமையாக அழிந்தன.

பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். கிளப் ஒரு காசுகூட இழப்பீடாகக் கொடுக்கும்படி ஆகவில்லை.

பட்டியலில் 'குறைந்த ஆபத்து'

மூன்றாவது சம்பவம் நம் காலத்தில் நடந்தது. ஹவாய் மாநிலத்தின் காவாய் தீவில் கா லோகோ என்ற நீர்த்தேக்கம். 1890 வாக்கில் கரும்புத் தோட்டங்களின் பாசனத்துக்காகக் கட்டிய மண் அணை. 1971-ல் அங்கிருந்த சர்க்கரை ஆலை மூடப்பட்டது. தோட்டத்து ஆட்கள் போனார்கள். நிலம் தனியார் கைகளுக்கு மாறியது.

2006 மார்ச் 14-ம் தேதி, வாரக்கணக்கில் பெய்த மழைக்குப் பிறகு கா லோகோ கரை உடைந்து 7 பேர் இறந்தார்கள். மாநில அரசு நியமித்த சுயேச்சையான விசாரணையில், உபரி நீர் வெளியேற வேண்டிய கலிங்கே அங்கே இல்லாமல் போயிருந்தது பெரிய கேள்வியாக எழுந்தது. நில உரிமையாளர் மீது வழக்கு நடந்து, பல ஆண்டுகள் கழித்து அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், அரசுப் பட்டியலில் கா லோகோவின் வகை. 'குறைந்த ஆபத்து.'

அமெரிக்காவில் அணைகளை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். உடைந்தால் உயிர்ச்சேதம் ஏற்படக்கூடியவை 'உயர் ஆபத்து'. பொருள்சேதம் அதிகம் ஏற்படக்கூடியவை நடுவில். பெரிதாக யாருக்கும் சேதம் இல்லாதவை 'குறைந்த ஆபத்து'. கரை பலமாக இருக்கிறதா, பலவீனமாக இருக்கிறதா என்பதை இந்தப் பெயர்கள் சொல்லாது. கரைக்குக் கீழே யார் வசிக்கிறார்கள் என்பதைத்தான் சொல்லும்.

இங்கேதான் சிறு குளங்களின் சிக்கல். வயல்வெளிக்கு நடுவே ஒருவர் மீன் வளர்க்கக் குளம் வெட்டுகிறார். கீழே வெறும் புல்வெளி. 'குறைந்த ஆபத்து' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். 20 ஆண்டுகளில் அந்தப் புல்வெளி வீட்டு மனையாகிறது. சாலை வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது. குளத்தில் ஒரு செங்கல்கூட மாறவில்லை. ஆனாலும் அது இப்போது 'உயர் ஆபத்து' அணை. பட்டியலைத் திருத்தாவிட்டால் யாருக்கும் தெரியாது. மேலே குளம் இருப்பது மனை வாங்கியவர்களுக்கும் தெரியாது. கீழே வீடுகள் வந்தது குளத்துக்காரருக்கும் உறைக்காது.

ஒரு இரவு மாற்றிய சட்டம்

கெல்லி பார்ன்ஸ் உடைந்தபோது அமெரிக்க அதிபராக இருந்தவர் ஜிம்மி கார்ட்டர். அதே ஜார்ஜியா மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். அவருடைய மனைவி ரோசலின் கார்ட்டர் உடனடியாகச் சம்பவ இடத்துக்கு வந்தார்.

அணைகளை ஆய்வு செய்யும் சட்டம் ஏற்கெனவே இருந்தது. 1972 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கக் கழிவு அணை உடைந்து 125 பேர் இறந்த பிறகு, அதே ஆண்டில் அந்தச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். அணைகளைக் கணக்கெடுத்தார்கள். ஆனால் ஒவ்வோர் அணைக்கும் நேரில் போய்ப் பார்க்கும் வேலை பணம் இல்லாமல் கிடப்பில் கிடந்தது. டோக்கோவாவுக்குப் பிறகு கார்ட்டர் ராணுவப் பொறியாளர் படையை முடுக்கிவிட்டார். 1978 முதல் 1981 வரை, மத்திய அரசுக்குச் சொந்தமில்லாத சுமார் 8,800 அணைகளைப் போய்ப் பார்த்தார்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது.

ஜார்ஜியா மாநிலம் 1978-ல் தனக்கென அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகச் சட்டம் இயற்றின, இருந்ததைக் கடுமையாக்கின.

அப்படியானால் பிரச்னை தீர்ந்துவிட்டதா? இல்லை. இன்று அமெரிக்க தேசிய அணைப் பட்டியலில் 90,000-க்கும் மேற்பட்ட அணைகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் தனியாருக்குச் சொந்தமானவை. முதன்மைப் பயன் என்ன என்று பார்த்தால், பட்டியலில் முன்னால் நிற்பது பொழுதுபோக்கு. இவை பட்டியலில் ஏறும் அளவுக்குப் பெரியவை. அதற்கும் கீழே உள்ள சிறு குளங்கள் கணக்கிலேயே வருவதில்லை. மிசௌரி மாநிலத்தில் 35 அடிக்குக் குறைவான அணைகள் மாநில அரசின் கட்டுப்பாட்டுக்குள் வராது. டெக்சாஸ், கிராமப்புறத்தில் உள்ள தனியாரின் சிறு அணைகள் பலவற்றுக்கு 2013-ல் விலக்கு அளித்துவிட்டது.

செலவு யார் தலையில்?

தனியார் குளத்தில் விழும் அடுத்த முடிச்சு, பணம்.

2015 அக்டோபரில் தெற்கு கரோலினா மாநிலத்தில் வரலாறு காணாத மழை. கொலம்பியா நகரைச் சுற்றி சங்கிலி போல இருந்த சிறு ஏரிகளின் கரைகள் அடுத்தடுத்து உடைந்தன. மேல் ஏரி உடைந்தால் அந்த வெள்ளம் கீழ் ஏரியை உடைக்கும். அவற்றில் பல, ஏரியைச் சுற்றி வீடு கட்டியவர்களின் குடியிருப்போர் சங்கங்களுக்குச் சொந்தமானவை. ஏரிப் பக்கம் ஜன்னல் வைத்த வீடு என்று விலை அதிகம் கொடுத்து வாங்கியவர்கள் அவர்கள். அணையும் தங்களுடையதுதான் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. கரையைத் திரும்பக் கட்ட வேண்டுமானால் புதிய விதிப்படி கட்ட வேண்டும். செலவைத் தாங்க முடியாமல் சில ஏரிகள் ஆண்டுக்கணக்கில் சேறும் புல்லுமாகக் கிடந்தன.

ஒரு குளம் ஆண்டுதோறும் கேட்கும் பராமரிப்புச் செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. செடி வெட்ட வேண்டும், கலிங்கைச் சுத்தம் செய்ய வேண்டும், குழாயைச் சோதிக்க வேண்டும். ஓராண்டு செய்யாவிட்டால் ஒன்றும் ஆகாது. பத்தாண்டு செய்யாவிட்டாலும் ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆபத்து அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது. செலவைத் தள்ளிப்போடுபவர் மேட்டில் இருக்கிறார், அதற்கான விலையைக் கொடுப்பவர் பள்ளத்தில் இருக்கிறார்.

கரையில் எதைப் பார்க்க வேண்டும்?

அணைப் பாதுகாப்பு நிபுணர்கள் குளம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லும் விஷயங்கள் எளிமையானவை. கருவிகள் வேண்டாம், கண்ணும் காலும் போதும்.

* கரை மேல் மரம் வளர்க்கக் கூடாது. நிழலுக்கு அழகாக இருக்கும். புயலில் வேரோடு சாய்ந்தால் கரையின் ஒரு துண்டையே பெயர்த்துக்கொண்டு போகும். கரைக்கு நல்லது குட்டையாக வெட்டிய புல். ஏற்கெனவே பெரிய மரம் இருந்தால், பொறியாளரைக் கேட்காமல் பிடுங்கவும் கூடாது.

* கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் புதிதாக ஈரம், சொதசொதப்பு, மற்ற இடம் காய்ந்திருக்கும்போது ஓரிடத்தில் மட்டும் பச்சைப் பசேல் என்று புல் தெரிந்தால், அங்கே கசிவு இருக்கிறது. நீர் கலங்கலாக வந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட வேண்டும்.

* கலிங்கில் கிளை, குப்பை, மீன் வலை எதுவும் இருக்கக் கூடாது. மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

* கரையின் உச்சியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்வையை ஓட்டினால் கோடு நேராகத் தெரிய வேண்டும். நடுவில் தொங்கல், நீளவாக்கில் வெடிப்பு, சரிவில் மண் பெயர்ந்த தடம் எல்லாம் அபாயக் குறிகள்.

* விலங்கு வளைகளைக் கண்டதும் அடைக்க வேண்டும்.

* நீரைக் குறைக்கும் மதகோ, குழாயோ வேலை செய்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும். ஆபத்து நாளில் முதன்முறையாகத் திறக்கப் போனால் அது திறக்காது.

* கரை உடைந்தால் நீர் எந்த வழியில் போகும், அந்த வழியில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களின் தொலைபேசி எண்கள் என்ன என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம்தான் டோக்கோவாவில் இரவு 1.30 மணிக்குத் தேவைப்பட்டது. கரையின் குறைகளைச் சரிசெய்யப் பணமும் நேரமும் வேண்டும். மழை வலுக்கும் இரவில் கீழே இருப்பவர்களை எழுப்பி மேட்டுக்குப் போகச் சொல்ல ஒரு டார்ச் லைட் போதும். ஆனால் எந்த அளவுக்கு நீர் ஏறினால் எழுப்புவது, யார் எழுப்புவது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். ஜான்ஸ்டவுனில் எச்சரிக்கை போயும் மக்கள் நகராததற்குக் காரணம், எது வழக்கமான வதந்தி, எது உண்மையான அபாயம் என்று பிரித்துச் சொல்ல அங்கே ஓர் ஏற்பாடு இல்லை.

பராமரிக்கவே முடியாது என்ற நிலையில் இன்னொரு வழியும் இருக்கிறது. பொறியாளர்களின் மேற்பார்வையில் நீரைப் படிப்படியாக இறக்கி, கரையில் ஒரு பகுதியை வெட்டி, ஓடையை அதன் போக்கில் விட்டுவிடுவது. அமெரிக்காவில் பல பழைய அணைகளை இப்படித்தான் அகற்றி வருகிறார்கள். ஏரி போய்விடுமே என்று மனசு கேட்காதுதான்.

கெல்லி பார்ன்ஸ் அணையைத் திரும்பக் கட்டவில்லை. ஏரி இருந்த இடத்தில் இன்று ஏரி இல்லை. ஓடை மட்டும் ஓடுகிறது, அருவி வழக்கம்போல விழுகிறது, கீழே கல்லூரியும் நடக்கிறது. மீன் பிடிக்க வேறு இடம் தேடிக்கொள்ளலாம். 39 பேரை எங்கே போய்த் தேடுவது?